ஏகாம்பரம் எழுதிய தாள்

மகனே,

நாங்கள் சௌக்கியம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அதையெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்பத்தூரிலிருந்து வந்திருந்தாய். உன் அம்மா கல்யாணப் பத்திரிகைகளைப் பாயில் பரப்பி வைத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் பேர் சொல்லச் சொல்ல நீ உறையின்மேல் எழுதினாய். திருமுக்கூடல் சம்பந்தி வீட்டு உறவுகள் முடிந்து, நம் பக்கத்து ஆட்களுக்கு வந்தோம். "மானாம்பதி ஏகாம்பரம்" என்றேன். உன் கை நின்றுவிட்டது. "அவன் பேர எடுக்காத நைனா. அவன் வந்தா நான் மணவறையில ஒக்கார மாட்டேன்" என்றாய். "எட்டு வருசம் ஆச்சேடா, இன்னுமா மனசுல வெச்சிக்கினு கீற?" என்று உன் அம்மா கேட்டாள். நீ பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாய். மிச்ச உறைகளில் உன் அம்மாதான் கோணல் எழுத்தில் பேர் எழுதினாள்.

இனி நேராகவே எழுதுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், நீ செப்டம்பரில் இங்கிலீஷ் இரண்டாம் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக உன் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வந்து விழுந்தது இல்லையா? அதனால்தானே உன்னை எழுப்பி வெளியே அனுப்பினார்கள், இரண்டு வருஷம் பரீட்சையே எழுதக்கூடாது என்று தடை போட்டார்கள்? அந்தத் தாளை எறிந்தது ஏகாம்பரம் இல்லை. நான். எழுதியது அவன், எறிந்தது நான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு எட்டு வருஷமும், இந்த நோட்டில் ஆறு பக்கமும் ஆகியிருக்கிறது. கிழித்த பக்கங்கள் என் காலடியில் கிடக்கின்றன. உனக்கு இப்போதே கோபம் வந்து கடிதத்தைச் சுருட்டிப் போடத் தோன்றும். போடு. ஆனால் ஒரு தடவையாவது கடைசிவரைக்கும் படித்துவிட்டுப் போடு, ஏனென்றால் இதில் இன்னொருத்தனுடைய நியாயமும் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடமும் தேறி இங்கிலீஷில் மட்டும் நீ கோட்டை விட்டாய். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து உனக்கு ஆசை. வீட்டில் ஒரு சுவிட்சை விட்டுவைக்கமாட்டாய், கழற்றிப் பார்த்துவிடுவாய். செப்டம்பரில் பாஸ் பண்ணினால் அடுத்த வருஷம் சேர்ந்துவிடலாம் என்று இருந்தது. நானோ எட்டாம் வகுப்போடு நின்று, உத்திரமேரூர் பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்தவன். இங்கிலீஷில் எனக்கு ஏ-யிலிருந்து இசட் வரைக்கும் தெரியும், எழுத்துக் கூட்டினால் சைக்கிள் கம்பெனி பேர் படிப்பேன், அவ்வளவுதான். அந்த அறிவை வைத்துக்கொண்டு உனக்கு வாத்தியாராகப் புறப்பட்டேன். காஞ்சிபுரம் போய் ஒரு கைடு வாங்கி வந்து, சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் உன்னை எதிரில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சொல்லச் சொல்ல நான் கைடில் விரலை வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துக்கொண்டு வருவேன். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் தப்பு. அர்த்தம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் தினமும் கடைக்கு வர ஆரம்பித்தான். உன்னோடு ஒரே வகுப்பில் படித்து முதல் தடவையே பாஸ் பண்ணினவன். மானாம்பதியிலிருந்து சைக்கிளில் வந்து, உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கைடில் நவுன் என்றால் ராமா, மெட்ராஸ், டேபிள் என்று போட்டிருந்தது. அவன் கடையைச் சுற்றிக் கையைக் காட்டி, "இதோ ரிம்மு, பெடலு, பம்பு, உங்க நைனா, எல்லாம் நவுனு" என்பான். "பழைய டியூப்பு, புது டியூப்புன்ற பாரு, அந்தப் பழைய, புது, அதான் அட்ஜெக்டிவ்வு." டென்ஸ் வந்தபோது காற்றடிக்கிற பம்பை உன் கையில் கொடுத்துவிட்டான். "இன்னாடா பண்ற? காத்து அடிச்சிக்கினு கீற. நம்ம கினுதான் வெள்ளக்காரன் ஊர்ல ஐ-என்-ஜி. ஐ ஆம் பம்பிங். அடிச்சி முடிச்சிட்ட, டயரு கெட்டியா கீது, அப்போ ஐ ஹேவ் பம்ப்டு. நேத்து சாயங்காலம் அடிச்சன்னு நேரத்த சொல்லிட்டியா, ஹேவ கழட்டி வெச்சிடு, வெறும் பம்ப்டு. நாளைக்கி அடிப்ப, ஐ வில் பம்ப்." நீ அடித்துக்கொண்டே சொன்னாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று பம்பு நவுன் என்றவன் இன்றைக்கு வெர்ப் என்கிறான், இவன் உன்னைக் கெடுக்கிறானா, இல்லை இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைக்கிறீர்களா என்று நினைத்தேன். "எப்டி ஏகாம்பரம், ரெண்டுமாவும் கீதா அது?" என்றும் கேட்டேன். "வேலைய பாத்துதான் மாமா பேரு. தனியா கெடந்தா நவுனு, வேலை செஞ்சா வெர்ப்பு" என்றான். அது சமாளிப்பு என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் உன்னைச் சோதித்தேன். கைடில் 'ராமா இஸ் ஈட்டிங் எ மேங்கோ' என்று இருந்தது. நீ நம் கடை வாடிக்கைக்காரர் ஒருவர் பேரைப் போட்டு, 'குப்புசாமி இஸ் ரைடிங் எ சைக்கிள்' என்றாய். நான் விரல் வைத்த இடத்தில் குப்புசாமியும் இல்லை, சைக்கிளும் இல்லை. இன்னொன்று கேட்டேன். அதற்கும் ஏதோ கடைச் சமாச்சாரத்தையே சொன்னாய். "புக்குல இன்னா கீதோ அத்த சொல்லுடா" என்று கத்தினேன். "அதேதான் நைனா, ஆளையும் வேலையையும் மட்டும் மாத்திகீறேன்" என்றாய். அறைந்துவிட்டேன். வாடகை சைக்கிள் எடுக்க வந்தவர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, பம்பை எடுத்து யாருடைய சைக்கிளுக்கோ காற்றடிக்கப் போய்விட்டாய். பாடம் உன் தலைக்குள் போய், வேரூன்றி, உன் சொந்த வார்த்தையாக வெளியே வந்துகொண்டிருந்தது. பையன் தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கு அது தெரியவில்லை. இவன் மறுபடியும் பெயில்தான் என்று அன்றைக்கு என் மனசில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் நீ குளிக்கப் போயிருந்தபோது ஏகாம்பரம் கடைக்கு வந்தான். ஒரு முழுத் தாளில் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதியிருந்தான். எல்லா டென்ஸும் கட்டம் போட்டு, முக்கியமான கேள்விகளுக்குப் பதிலோடு இருந்தது. "காலைல பஸ்ஸுல போற வழியில ஒரு பார்வ பாத்துக்கட்டும் மாமா. அவனுக்கு எல்லாம் தெரியும், ஒரு தைரியத்துக்குதான்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். என் கையில்தான் கொடுத்தான். அதை நான் உன்னிடம் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுத்திருந்தால் ஒரு தடவை படித்துவிட்டு வழியிலேயே பஸ் ஜன்னலில் போட்டிருப்பாய்.

மறுநாள் நீயும் ஏகாம்பரமும் முதல் பஸ்ஸில் போனீர்கள். கூட்டத்தில் நீ முன்படியிலும் அவன் பின்படியிலும் தொத்திக்கொண்டதால், தாளைப் பார்த்தாயா என்று அவன் உன்னைக் கேட்டிருக்க வழியில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பரீட்சை சென்டரின் பின்பக்க மதிலோரம் என்னைப்போல் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பன்கள், மாமன்கள், அண்ணன்கள். வருஷா வருஷம் இது நடக்கிறதுதான், ஏதோ கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள்போல் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் மதிலைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஜன்னலில் உன் முதுகு தெரிந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். சில நேரம் நிமிர்ந்து மேலே பார்த்தாய். யோசிக்கிறவன் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பான். நான் அதைப் பார்த்து, ஐயோ பையன் தெரியாமல் முழிக்கிறானே என்று துடித்துப்போனேன். தாளை மடித்து ஒரு ஜல்லிக்கல்லைச் சுற்றி, கடையிலிருந்து கொண்டுபோன டியூப் ரப்பரைப் போட்டேன். அப்போதுகூட ஒரு நிமிஷம் கை வரவில்லை. பக்கத்தில் நின்றவன், "போடுறதுன்னா போடுய்யா, ஜீப்பு வருதாம், அப்பால முடியாது" என்றான். எறிந்துவிட்டேன். குறி தப்பவே இல்லை. அது தப்பியிருக்கலாமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

கல் விழுந்த சத்தமும் பறக்கும் படை உள்ளே நுழைந்ததும் ஒன்றாக நடந்தது. நீ குனிந்து தாளைப் பார்ப்பது தெரிந்தது. தொடக்கூட இல்லை. ஒருவர் வந்து அதை எடுத்துப் பிரித்து உன் முகத்துக்கு நேராகக் காட்டினார். நீ எழுந்து நின்று தலையை ஆட்டினாய், இல்லை, இல்லை என்று. மதிலோரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். தைரியத்தில் நின்றேன் என்று நினைக்காதே, கால் நகரவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், ஐயா, எறிந்தவன் நான், பையனுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விட்டிருப்பார்களா தெரியாது. ஆனால் சொல்லியிருக்கலாம். போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களோ, பஜாரில் தலைகாட்ட முடியாமல் போகுமோ என்று பயந்து, பஸ் ஏறி வந்து கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். நீ வந்து சேர்ந்தபோது, ஒன்றும் தெரியாதவன்போல், "இன்னாடா, எப்டி எழுதின?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீ என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனாய், நான் பின்னாலேயே வந்தேன். உன் அம்மா மடியில் விழுந்து அழுதாய். "எல்லாத்தையும் எழுதிட்டேம்மா. கடைசிக் கேள்விதான் பாக்கி. அந்த ஆபீசரு என் பேப்பரப் படிச்சிப் பாத்துட்டு, இவ்ளோ நல்லா எழுதிக்கினு எதுக்குடா உனக்கு இந்த வேலைன்னாரு" என்றாய். நான் கதவுக்கு வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருந்தது, எல்லாமே தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் ஏகாம்பரம் கடைக்கு வந்தான். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், நான் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இருந்தேன். "வாடா வா, எதுக்குடா போட்ட?" என்று நீ கேட்டாய். "நான் எங்கடா போட்டேன்? நான் முன்வாசல் கேட்டாண்டதான நின்னுக்கினு இருந்தேன்" என்றான். "அது உன் கையெழுத்துதான?" என்றாய். "கையெழுத்து என்துதான். ஆனா அந்தத் தாள நான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நீ கவனிக்கவில்லை, நீ தரையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தாய். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு டியூப்பை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். அது காலையிலேயே ஒட்டி முடித்த டியூப். குமிழி எங்கேயும் வரவில்லை. நான் தேடிக்கொண்டே இருந்தேன். "போடா, இனிமே இந்தக் கடைப் பக்கம் வந்த, கால ஒடைச்சிடுவேன்" என்று நீ சொன்னது கேட்டது. அவன் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தமும் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் நீ ஐ.டி.ஐ. கனவை மூட்டைகட்டிவிட்டு அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் போனாய். தடை முடிந்ததும் எனக்குச் சொல்லாமலே மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினாய். இப்போது கம்பெனி ஸ்டோரில் இங்கிலீஷில் லெட்டர் எழுதுகிறாயாம், சம்பந்தி என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அதற்கான பெருமை மானாம்பதியில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நீ உருப்பட்டுவிட்டாயே, இனி எதற்குக் கிளறவேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு வருஷத்தைத் தள்ளினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் கை நின்றதைப் பார்த்தபோது, நான் உன்னிடமிருந்து ஒரு பரீட்சையை மட்டும் பிடுங்கவில்லை என்று தெரிந்தது. உனக்கு அவனைவிட நல்ல சிநேகிதன் அதற்கப்புறம் யாரும் அமையவில்லை. அதை நீயே உன் அம்மாவிடம் வேறு ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறாய்.

வியாழக்கிழமை மானாம்பதிக்குப் போனேன். பத்திரிகையும் வெற்றிலைபாக்கும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவன் மோட்டார் கொட்டகையில் பம்புசெட்டைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றான். எட்டு வருஷம் கழித்தும் மாமா என்றான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும் மாமா. தாள உங்க கைலதான குடுத்தேன், வேற யாரு போட்டிருப்பா?" என்றான். "அப்ப ஏன்ப்பா அவன்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் முகம் மாறிவிட்டது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். அன்னிக்கி கடையில, அப்பால ஒரு வாரம், ஒரு மாசம். நீங்க சொல்லல. அதுக்கப்புறம் நான் போயி உங்க நைனாதான்டா போட்டாருன்னா அவன் நம்புவானா? தப்பிக்க சொல்றான்னுதான நெனைப்பான்? என் வூட்லயே எங்கம்மா, ஏன்டா அந்தப் புள்ளையக் கெடுத்தன்னு கேட்டுது மாமா" என்றான். நான் பத்திரிகையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "நீங்க பத்திரிக வெச்சி நான் வரமாட்டேன். அவனுக்கு தெரியட்டும். தெரிஞ்சி அவனா வந்து கூப்ட்டா வரேன். இல்லன்னாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து போல்ட்டைத் திருக ஆரம்பித்தான். மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று அவன் சம்சாரம் கூப்பிட்டாள். எனக்கு இறங்காது என்று தெரிந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கே உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கு நான்காவது நாள், இன்னும் என்னோடு பேசவில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், உதறித் தள்ளாதே. வருகிற பெண் உன் வழியில் பேசமாட்டாள். நாளைக்குப் பிறக்கிற பிள்ளையும் நீ எதிர்பார்த்த வார்த்தையில் பதில் சொல்லாது. உடனே தப்பு என்று கை ஓங்காதே. உனக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிக் கேள். நான் அன்றைக்கு, எனக்கு இது தெரியாதுடா, குப்புசாமி எப்படி வந்தான் என்று விளக்கு என ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெற்ற பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். மதிலைப் பிடித்து எட்டிப் பார்க்க வெட்கமில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் லீவு போட்டு வா. நம் வீட்டுக்கு வரவேண்டாம், என்னைப் பார்க்கவும் வேண்டாம். நேராக மானாம்பதிக்குப் போ. மாப்பிள்ளைத் தோழனாக உன் மாமன் மகனைச் சொல்லி வைத்திருக்கிறோம், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அந்த இடத்தில் ஏகாம்பரம் நிற்கட்டும். அவன் ஒப்புக்கொள்ளும்வரை அங்கேயே உட்கார்ந்திரு, அவன் உனக்காக எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறான். அவன் அம்மாவிடம், உங்கள் பிள்ளை என்னைக் கெடுக்கவில்லை, கெடுத்தது என் நைனா என்று உன் வாயாலேயே சொல். பஜார் முழுக்கத் தெரியட்டும், பரவாயில்லை. இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொள்ளமாட்டேன். பத்திரிகையில் என் பேர் அச்சாகிவிட்டது, அதை ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் அன்றைக்கு மணவறையில் உனக்குப் பின்னால் நான் நிற்கலாமா, இல்லை கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்காரட்டுமா என்பதை நீ சொல்லி அனுப்பு. ஏகாம்பரத்தையும் கேட்டுக்கொண்டு சொல்.

உன் நைனா